அவுட்

மத்தியானம் ரெண்டே காலுக்கு ரொமுலோவிடமிருந்து ஒரு வரி:
ரூம் பதினாலு, ஆறாம் கட்டில், க்ளீன் அவுட்,
அஞ்சு மணிக்குள்.

க்ளீன் எனக்குத் தெரியும்.
தோகாவுக்கு வந்து ஒன்பது வருஷமாய்
அந்த ஒரு சொல்லைத்தான்
ரியாலாக மாற்றி ஊருக்கு அனுப்புகிறேன்.
பின்னால் ஒட்டியிருந்த அவுட்டை
நாய்க்கு வால்போல என்று விட்டுவிட்டேன்.
ஆட்டினால் ஆட்டட்டும்.

சனையா முழுக்க அன்று மண்காற்று.
ஏசி இடுக்கில் யாரோ பழைய பனியனை அடைத்திருந்தார்கள்.
ஆறாம் கட்டில் தில்பகதூருடையது.
முந்தின ராத்திரி விசா கேன்சல்,
ஒன்றரை மணி விமானம்,
கையில் ஏழு கிலோ.
மிச்சமெல்லாம் அலமாரிக்குள்
அவன் குளிக்கப் போயிருப்பதாக
நினைத்துக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
கடுகெண்ணெய் பாட்டில், அரை.
காது உடைந்த கோப்பை.
சுரண்டி முடித்த ரீசார்ஜ் கார்டுகள், ரப்பர் பேண்ட் போட்டு.
எதற்குச் சேர்த்தான் தெரியவில்லை.
நாலாய் மடித்த கோடு போட்ட தாள்,
அதில் பேனாவால் சுற்றி வரைந்த ஒரு சின்னப் பாதம்.
இடது கால். கட்டைவிரல்கிட்டே கோடு நெளிந்திருந்தது,
கூசியிருக்கும்.
செருப்பு வாங்க அளவு.

எல்லாவற்றையும் துடைத்தேன்.
தட்டுகளுக்கு டெட்டால் போட்டேன்.
எடுத்ததை எடுத்த இடத்தில்
ஒரு விரல் பிசகாமல் வைத்தேன்.
கோப்பையின் உடைந்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பினேன்.
வந்து பார்த்தால் நன்றாயிருக்குமே என்று.

வந்து பார்த்தது ரொமுலோ.
சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.
அவர் ஊரில் கொஞ்ச காலம் வாத்தியாராம்.
விரல் மடக்கிச் சொன்னார்:
க்ளீன் அப் என்றால் சிந்தியதை அள்ளி ஒழுங்கு பண்ணு.
வைப் டவுன் என்றால் மேலேயிருந்து கீழே வரை ஈரத்துணி.
க்ளீன் அவுட் என்றால்
உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது.
நாளைக்கு ஆள் வருது, கறுப்புப் பை எங்கே?

பையை உதறி விரிக்கையில் தோன்றியது,
நம் வினைச்சொல் மட்டும் தனியாகவா நடமாடுகிறது.
கழுவி வைத்தால் பாத்திரம்.
கழுவி ஊற்றினால் வசவு.
முன்னால் கையைச் சேர்த்துக்கொண்டு கழுவினால்
ஒரு மனுஷனே போய்விடுகிறான்.
துணைக்கு வந்தது யாரென்று பார்க்காமல்
வினையை மட்டும் நம்பியது என் தப்பு.

அஞ்சு மணிக்கு அலமாரி வெறும் தகரம்.
மெத்தையில் மட்டும் ஒரு பள்ளம்,
ஒருக்களித்துப் படுத்த ஒரு ஆள் ஆழம்.
இதுக்கு என்ன வினை என்று கேட்டேன்.
ரொமுலோ கொஞ்சம் யோசித்துவிட்டு
திருப்பிப் போடு என்றார்.
திருப்பினேன்.
அந்தப் பக்கம் இன்னொரு பள்ளம்,
தில்பகதூரைவிட உயரமான எவனுடையதோ.

ராத்திரி குப்பூஸைப் பருப்பில் தோய்த்தபடி
மலப்புறத்து அஷ்கர் சொன்னான்:
அதுக்கு வேற அர்த்தமும் உண்டு அண்ணா.
ஏஜெண்ட் என்னை க்ளீன் அவுட் பண்ணினான்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
துணியை நனைக்கக்கூட இல்லை.

தாளைப் பையில் போடவில்லை.
ஏன் என்று ரொமுலோ கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை கடைவீதிப் பக்கம் போகையில்
ஒரு ஜோடி வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று
சட்டைப்பையில் இருந்தது.
பின்பக்கம் ஏதோ எழுதியிருக்கிறதே என்று
பக்கத்து ரூம் நேபாளியிடம் நீட்டினேன்.
தேதி என்றான். அவர்கள் பஞ்சாங்கம்.
விரல் விட்டுக் கணக்குப் போட்டான்.
மூன்று வருஷம் ஆகிறது என்றான்.

இந்நேரம் அந்தக் கால்
கோட்டுக்கு வெளியே வந்திருக்கும்.